றொபேட்சன் சிமித்: பற்றும் ஆராய்வும்

தான் போற்றும் மறைநூலை ஒருவன் ஆராய்ச்சிக் கண்கொண்டு நோக்கலாமா? நோக்கின் அவனது பத்தி குன்றுமா? இவ்வினா எச்சமயத்தார்க்கும் பொதுவானது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து தேசத்தில் இதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் வில்லியம் றொபேட்சன் சிமித் என்னும் பேரறிஞர்.

இவர் 1846ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி, அபடீன் மாகாணத்துக் கீக் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சுதந்திரத் திருச்சபைக் குருவானவர். வீட்டிலே தந்தையாரிடம் பயின்ற இவர், 15ஆம் வயதில் அபடீன் சர்வகலாசாலை புகுந்தார். எடின்பரோவில் இறையியல் கற்றபோது பௌதிகப் பேராசிரியர் தேற் என்பாருக்குத் துணையாசிரியராகவும் விளங்கினார். 1870இல், 23ஆம் வயதிலேயே, தம் திருச்சபையின் அபடீன் கல்லூரியில் எபிரேயப் பேராசிரியரானார்.

1875இல் பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பில் விவிலியம் பற்றி இவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மோசே இயற்றியனவாக மரபு கூறும் ஐந்து நூல்களும் பல காலத்துப் பகுதிகள் தொகுக்கப்பெற்று உருவானவை என்றும், அவற்றுள் உபாகமம் மோசேக்கு நெடுங்காலம் பிற்பட்டது என்றும் அதிற் காட்டினார். செர்மானிய அறிஞர்க்கு இது புதிதன்று; ஸ்கொத்லாந்து மக்களுக்கோ பேரதிர்ச்சியாயிற்று. 1877இல் திருச்சபைப் பேரவை இவரைக் கற்பித்தலினின்றும் நிறுத்தி வைத்தது. இவர் தமக்காகத் தாமே வாதாடினார். இறைவன் வெளிப்பாட்டைத் தாம் மறுக்கவில்லை என்றும், அது வரலாற்றில் எவ்வாறு படிப்படியாக விளங்கிற்று என்பதையே ஆராய்ச்சி தெளிவிக்கின்றது என்றும் எடுத்துரைத்தார். 1880இல் ஏழு வாக்குப் பெரும்பான்மையால், எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டார். ஆயின், அடுத்து வெளிவந்த இவரது மற்றொரு கட்டுரை பழம் பகையை மீட்டும் மூட்டவே, 1881இற் பதவி நீக்கப்பட்டார்.

பதவி போயிற்று, பணி ஓயவில்லை. கலைக்களஞ்சியத்தின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1883இற் கேம்பிறிட்ஜில் அரபுப் பேராசிரியராகவும், 1886இல் அச்சர்வகலாசாலையின் நூலகராகவும் அமர்ந்தார். 1889இல் வெளியான 'செமித்தியரின் சமயம்' என்னும் நூலில், பண்டைச் சமயத்திற் கொள்கையினுஞ் சடங்கே முற்பட்டது என நிறுவினார். இவர் தூண்டுதலாற் சமயவியலிற் புகுந்த ஜேம்ஸ் பிறேசர், 1890இல் தமது 'பொற்கிளை' என்னும் நூலை இவருக்கே உரிமையாக்கினார். என்புருக்கி நோயால் 1894ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, 47ஆம் வயதில் இவர் காலமானார். உடல் கீக் ஊரிலே அடக்கஞ் செய்யப்பெற்றது.

தம்மைத் தண்டித்த திருச்சபையை இவர் துறந்தாரல்லர் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1902இல் ஜோர்ஜ் அடம் சிமித் என்னும் வேறோர் அறிஞர்மீது இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தபோது, பேரவை அதனை மேற்கொண்டு நடத்த மறுத்துவிட்டது. இருபத்தோராண்டுகளில் விளைந்த மாற்றம் அது. மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு அஞ்சாது. அஞ்சுவது நம் பழக்கமே. மரபைப் போற்றும் மாணாக்கர் இவ்வேறுபாட்டை உணர்வாராயின், பற்றும் ஆராய்வும் ஒருவர் உள்ளத்திலே ஒருங்கு வாழ்தல் கூடும்.