இலவசப் படமும் எடுத்தவர் பெயரும்

நமது சங்கங்கள் வெளியிடும் நாட்காட்டி, ஆண்டறிக்கை, கண்காட்சி விளம்பரம் ஆகியவற்றுக்குப் படங்கள் தேவைப்படுகின்றன. தறி, பருத்திச் செடி, நெல்வயல் முதலியவற்றின் நல்ல படங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றுள் ஒரு பகுதி, பணம் கொடுக்காமலே எடுத்தாளலாம் என்று உரியவரே அனுமதி அளித்தவை. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விக்கிமீடியா காமன்ஸ் இத்தகைய படங்களின் பெருங்களஞ்சியமாகும்.

பணம் வேண்டாம் என்றவர் உரிமையையே துறந்துவிட்டார் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் அனுமதிப் பத்திரங்களின்படி, உரிமை எடுத்தவரிடமே நிற்கிறது. நாம் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்துகிறோம். அவற்றுள் முதன்மையானது எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுதல். நூலுக்கு விலை பணம்; இங்கே பெயரே விலை.

குறிப்பில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும்: படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், படம் கிடைத்த இடம், அனுமதியின் பெயரும் பதிப்பு எண்ணும். படத்தின் ஓரத்தை வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ அதையும் சொல்ல வேண்டும். "நன்றி: இணையம்" என்று அச்சிடுவதால் பயனில்லை. அது, சேலையை நெய்தவர் யார் என்று கேட்டால் "கடைத்தெரு" என்று விடை கூறுவதை ஒக்கும்.

அனுமதிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. "பி.ஒய்." என்றால் பெயர் குறிப்பிட்டால் போதும். "எஸ்.ஏ." சேர்ந்திருப்பின், மாற்றியமைத்த படத்தை அதே அனுமதியின்கீழ் பிறருக்கும் வழங்க வேண்டும். "என்.சி." என்றிருப்பதை விற்பனைச் சீட்டில் அச்சிடலாகாது. "என்.டி." என்றிருப்பதை மாற்றி வெளியிடலாகாது. மேலும், படத்தில் காணப்படும் மனிதரின் சம்மதம் வேறு. விளம்பரத்துக்கு அதைத் தனியே பெறுதல் நலம்.

குறிப்பு பெரிதாக இருக்க வேண்டுமா? அமெரிக்காவில் ஒரு நிலப்படப் புத்தகத்தின் முன்னட்டையில் இவ்வகைப் படம் ஒன்று அச்சாயிற்று. பின்னட்டையில் சிறிய எழுத்தில் படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், அனுமதி ஆகியவை இருந்தன. வழக்கு எழுந்தபோது, அதுவே போதுமென்று வாஷிங்டன் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அந்த ஒரு வரியே பதிப்பாளரைக் காத்தது.

பெயரை விட்டுவிட்டால் அனுமதி தானாகவே முடிவுறும். பின்னர் அப்படத்தைப் பயன்படுத்துவது உரிமை மீறலாகும். 2013-இல் வெளிவந்த 4.0 பதிப்பின்படி, பிழையை அறிந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் அனுமதி மீண்டும் உயிர்பெறும். ஆயினும் அச்சடித்து அங்கத்தினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்ட நாட்காட்டியை எவ்வாறு திருத்துவது? ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன் சரிபார்ப்பதே முறை. படத்தை எடுக்கும் நாளிலேயே மேற்சொன்ன நான்கையும் ஏட்டில் குறித்து வைத்தல் எளிது.

நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், படைத்தவர் தம் பெயரைக் கோரும் உரிமையை 57-ஆம் பிரிவில் ஏற்கிறது. கைத்தறித் துணியை விசைத்தறித் துணியினின்று பிரித்தறிய 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. நம் உழைப்புக்கு அடையாளம் வேண்டுமென்று கேட்கும் நாம், பிறர் உழைப்பின் அடையாளத்தை மறைத்தல் தகுமா? ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த வெளியீட்டிலிருந்தே இம்முறையைக் கைக்கொள்ளுமாக.