புயல் சாய்த்த தென்னந்தோப்பும் மறுநடவும்

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் வேதாரணியம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரைமட்டமாயின. வேதாரணியம் கரையோரச் சிற்றூர்களில் மா, முந்திரி, சவுக்குத் தோப்புகளும் சாய்ந்தன. கடற்சேறு கரையேறிப் படிந்தது. படகும் வீடும் போயின.

நெல் போனால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னை அப்படியல்ல. புயலின்போது ஏற்படும் இழப்பு ஒன்று. புயலுக்குப் பின், நம் கவனக் குறைவால் ஏற்படும் இழப்பு மற்றொன்று. முதலாவதை நம்மால் தடுக்க இயலாது. இரண்டாவதைத் தடுக்க இயலும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழப்பின் கணக்கு

கஜா புயலுக்குப் பின், விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அரசு நிவாரணமாக அறிவிக்கப்பட்டது. எக்டருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் இது 1,92,500 ரூபாய் ஆகும். ஒரு மரம் ஆண்டுக்கு 80 காய் கொடுப்பதாகவும், காய் ஒன்று 10 ரூபாய் என்றும் வைத்துக் கொண்டால், ஒரு மரத்தின் ஆண்டு வருமானம் 800 ரூபாய். ஆக, நிவாரணத் தொகை ஒன்றரை ஆண்டு வருமானத்திற்கும் குறைவு. நெட்டை இரகக் கன்றை நட்டால் காய்ப்புக்கு வர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். ஆகவே மறுநடவு செய்த கன்று ஒன்றுகூட வீணாகக் கூடாது.

மரங்கள் ஏன் சாய்ந்தன?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 50 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கி நின்ற மரம், 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு விசையைத் தாங்க வேண்டியுள்ளது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து கிளம்பும் சல்லிவேர்களே மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. மழையில் ஊறிய மணலில் இவ்வேர்களின் பிடி தளர்ந்துவிடும். முதிர்ந்து உயர்ந்த மரத்தின் கொண்டையில் காற்று மோதும்போது, நீண்ட கடப்பாரையால் நெம்புவதைப் போன்ற விசை அடித்தூரில் விழுகிறது.

இதற்கு மேல், புயலின் மையம் கடக்கும் ஊரில் காற்று திசை மாறுகிறது. முதலில் வடக்கிலிருந்து வீசும். மையம் வரும்போது சற்று நேரம் ஓயும். பின்னர் தெற்கிலிருந்து வீசும். முதல் காற்றில் தளர்ந்த மரம், எதிர்க்காற்றில் வேரோடு சாய்கிறது. இடையில் வரும் ஓய்வைக் கண்டு புயல் கடந்துவிட்டது என்று எண்ணி எவரும் வெளியே வரக்கூடாது.

வெட்டிய மரத்தில் வளரும் எதிரி

புயல் அடித்த எட்டாம் மாதம், வேதாரணியம் அருகில் ஒரு சிற்றூருக்கு மாணவர்களுடன் சென்றிருந்தேன். பெரியவர் ஒருவரின் தோப்பில் 120 மரங்களில் ஒன்பதே எஞ்சியிருந்தன. விழுந்த மரங்களைத் துண்டு போட்டு வேலியோரம் அடுக்கிவிட்டு, பழைய தூர்களுக்கு அருகிலேயே புதுக் கன்றுகளை நட்டிருந்தார். பல கன்றுகளின் குருத்தோலை, கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோண வடிவில் வெட்டுப்பட்டிருந்தது.

"புயல்ல போனது போச்சு தம்பி. இப்ப வச்சதும் போகுதே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

மாணவர்கள் அடுக்கியிருந்த துண்டு ஒன்றைப் பிளந்தார்கள். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட வெண்ணிறப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். இவ்வண்டு மட்கும் மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிடுகிறது. வளர்ந்த வண்டு குருத்தைத் துளைக்கிறது. பெரியவரின் மரங்களே அவருடைய கன்றுகளுக்கு எதிரியை வளர்த்துக் கொடுத்திருந்தன. அவர்மீது குறை சொல்வதற்கில்லை. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்க, அறுவை இயந்திரமும் ஆளும் அன்று யாருக்கும் கிடைக்கவில்லை.

இத்துடன் மற்றோர் ஆபத்தும் உண்டு. தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்ற பெயர் ஏன் வந்தது தெரியுமா? 1952 ஆம் ஆண்டுப் புயலால் பாதிக்கப்பட்ட தஞ்சைப் பகுதித் தோப்புகளில் இந்நோய் கடுமையாகக் காணப்பட்டதால்தான். இதனை உண்டாக்கும் பூசணம் பழைய தூரிலும் வேரிலும் தங்கி, வேர் வழியாக அடுத்த மரத்திற்குப் பரவுகிறது.

செய்ய வேண்டியவை

1. விழுந்த மரங்களைத் தோப்பைவிட்டு அகற்ற வேண்டும். இயலாவிடில், தூரையும் கொண்டைப் பகுதியையும் முதலில் அகற்றுங்கள். தண்டைப் பிளந்து வெயிலில் காயவையுங்கள்.

2. பழைய தூரைத் தோண்டி எடுக்காமல் அதன் அருகில் கன்று நடக்கூடாது. பழைய வரிசைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் புதுவரிசை அமைப்பது நல்லது.

3. எருக்குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணத்தை இட்டு வண்டின் புழுக்களை அழிக்கலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் கரைத்து, மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால் வண்டுகள் கவர்ந்திழுக்கப்பட்டு விழும். வளர்ந்த மரங்களில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்திற்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டைகளின் இடுக்கில் இட வேண்டும்.

4. எஞ்சிய மரங்களில் முறிந்து தொங்கும் மட்டைகளை மட்டும் வெட்டுங்கள். பச்சை மட்டையை வெட்டினால், அக்காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். குருத்தழுகலைத் தடுக்கக் கொண்டையில் ஒரு சத போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, நீர் 100 லிட்டர் என்பது இதன் அளவு.

5. வாடல் நோய் கண்ட மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் அகழி எடுத்து, அடுத்த மரத்தின் வேரோடு தொடர்பு ஏற்படாமல் செய்ய வேண்டும். மரத்திற்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது நன்மை தரும்.

கடல்நீர் புகுந்த நிலமும் கிணறும்

மணற்பாங்கான நிலத்தில் வடிகால் வசதி இருந்தால், நல்ல மழையிலேயே உப்பு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். களிமண் நிலத்தில் வரப்பை உயர்த்தி, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும்; இதனைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். பின்னர் தக்கைப்பூண்டை எக்டருக்கு 50 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். உப்பு என்றதும் ஜிப்சத்தை வாங்கிக் கொட்ட வேண்டாம். மண்ணில் சோடியம் மிகுந்து களர்த்தன்மை இருந்தால் மட்டுமே ஜிப்சம் பயன்படும். எனவே மண் பரிசோதனை செய்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கரையோர மணலில் நல்ல நீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருந்தால், அடியில் ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நல்ல நீர் இருக்கும். இதன் பொருள், மட்டம் ஓரடி இறங்கினாலே அடியிலிருந்து உப்புநீர் மேலேறும் என்பதாகும். ஆகவே கடல்நீர் புகுந்த கிணற்றைப் பெரிய மோட்டாரால் ஒரே மூச்சில் இறைக்காமல், சிறுகச் சிறுக இறைத்து விடுங்கள்.

மறுநடவு

9 முதல் 12 மாத வயதும், குறைந்தது ஆறு இலைகளும் உடைய கன்றுகளைத் தேர்ந்தெடுங்கள். 25 அடி இடைவெளியில், மூன்றடி நீள அகல ஆழக் குழிகளில் நடவும். கிழக்குக் கரை நெட்டையுடனோ வேப்பங்குளம் 3 இரகத்துடனோ, விரைவில் காய்க்கும் ஒட்டு இரகத்தையும் ஒரு பகுதியில் நட்டால் வருமானம் முன்னதாக வரும். முதல் ஆண்டுகளில் உளுந்து, நிலக்கடலை, வாழை, காய்கறி ஆகியவற்றை ஊடுபயிராகச் செய்யலாம். தோப்பை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களே கஜா புயலில் மிகவும் தவித்தன என்பதை மறவாதீர்கள்.

கடல் பக்கம் பனை, புன்னை, பூவரசு, சவுக்கு ஆகியவற்றைப் பல வரிசைகளாக நடுங்கள். காற்றுத் தடுப்பு, மதில்போல் அடர்த்தியாக இல்லாமல் காற்று ஓரளவு ஊடுருவும்படி இருக்க வேண்டும். முழுதும் அடைத்தால் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். நாலுவேதபதியில் 2002 ஆம் ஆண்டு ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நடப்பட்டன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது அம்மரங்கள் ஊருக்கு அரணாக நின்றன.

முன்னர்க் குறிப்பிட்ட பெரியவர், மரத் துண்டுகளையும் தூர்களையும் அகற்றி, வெட்டுப்பட்ட கன்றுகளுக்குப் பதிலாக இடைவரிசையில் புதுக்கன்று நட்டார். அண்மையில் சென்றபோது சில மரங்களில் முதல் பாளை வெடித்திருந்தது. "ஐயா, காய்க்குத் தயாராகிவிட்டதே" என்றேன். "எனக்கில்ல தம்பி, பேரனுக்கு" என்றார்.

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் கரை இது. மழைக்கு முன்னரே காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிக் கொண்டையின் பாரத்தைக் குறையுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கெடுவிற்குள் செலுத்துங்கள். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தையோ, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிப் பயன் பெறுங்கள்.