கைத்தொழில் தெரியும், நேர்காணலில் சொல்லத் தெரியுமா?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க." நேர்காணலில் பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான். பெயர், ஊர், படிப்பு சொல்லிவிட்டுப் பலர் நின்றுவிடுகிறார்கள். தொழில் தெரிந்தும் வாய் திறக்காததால் வேலை கைநழுவிப் போகிறது.

கடலூர் மாவட்டம் விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கேதான் உள்ளது. இத்தொழில் கற்றவரிடம், "பொருளில் விரிசல் ஏன் விழுது?" என்று கேட்கலாம். "மெல்லிய ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி பிறகுதான் காயும். அந்த இழுப்பில் விரிசல் விழும். அதனால நிழல்ல மெதுவா காய வைப்போம், சார்" என்றால் போதும். காரணமும் தீர்வும் சேர்ந்ததே நல்ல பதில். ஆங்கிலம் தடுமாறினால், "தமிழில் சொல்லலாமா?" என்று தயங்காமல் கேளுங்க. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்க.

முதல் நாளே செல்போனில் செய்ய வேண்டியவை:

1. உங்கள் பதிலைப் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பாருங்க.
2. டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்து வையுங்க. அசலும் நகலும் பையில் இருக்கட்டும்.
3. நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்று தேடிப் படிங்க.
4. வழியைப் பார்த்து, அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்க.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. "வேலை வாங்கித் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.