புதிய வைத்தியக் கல்லூரியும் பெற்றோரின் கவலையும்

2022 ஜனவரி 12-ஆம் தேதி விருதுநகர், நாமக்கல், நீலகிரி, ராமநாதபுரம் முதலான 11 மாவட்டங்களில் அரசாங்க வைத்தியக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டு, 1,450 இடங்கள் புதிதாகக் கிடைத்தபோது மகிழ்ந்த குடும்பங்களே, கலந்தாய்வில் சென்னையோ மதுரையோ கிட்டாமல் அவற்றுள் ஒன்று தம் பிள்ளைக்கு வாய்த்ததும், 'அங்கே படிப்பு உருப்படுமா?' என்று கலங்குகின்றன. கலக்கம் நியாயமானதே. ஆயினும் கல்லூரியின் வயதைக்கொண்டு அதன் யோக்கியதையை நிர்ணயிப்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் அறிக்கை எழுதிய ஆபிரகாம் பிளெக்ஸ்னர், மற்றவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டியது, 1893-இல் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியைத்தான். முழுநேர ஆசிரியர், ஆய்வுக்கூடம், கல்லூரியோடு இணைந்த ஆஸ்பத்திரி ஆகியவற்றையே அவர் தேடினார்.

அங்கீகாரம் பற்றிய பயம் பெரும்பாலும் விஷயம் தெரியாமையால் வருவது. தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அனுமதி மட்டுமே வழங்கும். முதல் தொகுதி மாணவர்கள் இறுதித் தேர்வை எட்டும் தறுவாயில்தான் பட்டத்துக்குரிய அங்கீகாரம் பரிசீலிக்கப்படும். பழைய கல்லூரிகளில் படிப்போர் எழுதும் அதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வையே இம்மாணவர்களும் எழுதுகிறார்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் இக்கல்லூரிகள் பாக்கியசாலிகள். கல்லூரி புதிதாயினும், அதனோடு இணைக்கப்பட்ட மாவட்ட ஆஸ்பத்திரி புதிதன்று. பிரசவ வேதனையோடும், பாம்புக்கடியோடும், விபத்துக் காயத்தோடும் சுற்றுவட்டார ஜனங்கள் பல காலமாக நாடிவரும் இடம் அது. முதுகலை வகுப்பு இன்னும் தொடங்காத கல்லூரியில், பழைய இடங்களில் முதுகலை மாணவர் கைக்குப் போய்விடும் வேலைகள் பல ஹவுஸ் சர்ஜனுக்கே கிடைக்கின்றன. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து அவர் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதவும், இரவில் அவசரப் பிரிவில் நின்று பார்க்கவும் சிரத்தையுள்ள மாணவன் அங்கே பெறும் அனுபவம் அற்பமன்று.

குறை இருப்பது ஆசிரியர் பக்கத்தில். அதை மூடி மறைக்கலாகாது. உடற்கூறியல் முதலிய அடிப்படைத் துறைகளுக்கு வருவோர் சொற்பம். ஆணையத்தின் சோதனை நெருங்குகையில் மட்டும் வேறு கல்லூரியிலிருந்து ஆசிரியர்களை மாற்றிக் காட்டுகிறார்கள் என்பது டாக்டர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் முறையீடு. துறைத்தலைவர் இல்லாத வகுப்பில் உதவிப் பேராசிரியர் ஒருவரே பாடமும் நடத்தி, அப்பியாச வகுப்பையும் மேற்பார்த்து, ஆஸ்பத்திரி வேலைக்கும் ஓடுவாராயின், சந்தேகம் கேட்க நிற்கும் மாணவனுக்கு அவரால் எத்தனை நிமிஷம் ஒதுக்க முடியும்? ஆகவே கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோர், இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரை அழைத்து, எந்தத் துறையில் பேராசிரியர் நித்தியம் வருகிறார், சவத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஒரு மேஜைக்கு எத்தனை பேர், வார்டில் போதிப்பவர் யார் என்று விசாரிப்பது நலம். குறை தெரிந்தால் அதை முதல்வரிடமும், மருத்துவக் கல்வி இயக்ககத்திடமும் எழுத்து மூலமாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. காலியிடங்களை நிரப்பும் கடமை அரசாங்கத்தினுடையது.