குடைக்கு விலை கொடுத்தவர் யார்?

தூத்துக்குடி சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை நமது மேடைகளில் கேளாதவர் இல்லை. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சிறைவாசத்தைச் சொல்லும்போது பிரசங்கியின் குரல் தழுதழுக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனியார் பிரயாணிகளுக்கு இனாமாகக் குடை கொடுத்ததைச் சொல்லும்போது சபை கைகொட்டிச் சிரிக்கிறது. அத்துடன் கூட்டம் கலைந்து விடுகிறது. நாமோ அந்தக் குடைக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்க விரும்புகிறோம். அடக்க விலைக் கணக்கு, தேய்மானம் என்ற சொற்கள் காதில் விழுந்தவுடன் நமது தேசபக்தர்களில் பாதிப்பேர் கொட்டாவி விடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும், ஒரு தேசியத் தொழில் பிழைப்பதும் மாய்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நிச்சயமாகிறது என்பது நமது அபிப்பிராயம்.

அக்கம்பெனி 1906-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய், ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு அமர்த்திக் கொழும்புக்கு ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாரின் நெருக்குதலால் அக்கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. பின்னர் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வாங்கப்பட்டன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாகக் குறைத்தது. அதன்மேல் எதிரி கட்டணமே வேண்டாம், குடையும் தருகிறோம் என்றது.

இந்தப் போட்டியில் ஒவ்வொரு கட்டணமும் யாரை எவ்வளவு தாக்கிற்று என்பதை அறிய வேண்டுமானால் கப்பலின் செலவை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனியின் கணக்குப் புஸ்தகத்திலிருந்து அன்று, விளக்கத்தின் பொருட்டுச் சௌகரியமான தொகைகளை நாமே வைத்துக் கொள்கிறோம். கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது. இன்னும் ஒரு பிரயாணி ஓடி வந்து ஏறினால் அவனால் ஏற்படும் அதிகச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இது முதற்படி. ஆனால் கப்பல் ஒருமுறை போய்வர நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகத் தீர்வை முதலியவற்றுக்கு ரூ. 800 ஆகிறது, கப்பல் போகாவிட்டால் இச்செலவு இல்லை. இது இரண்டாம் படி. கப்பல் போனாலும் நங்கூரமிட்டு நின்றாலும் இன்ஷூரன்ஸ், ஆபீஸ் செலவு, கடன் வட்டி, கப்பல் பழசாகிப் போகும் தேய்மானம் ஆகியவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒரு பிரயாணத்தின் பங்கு ரூ. 400. இது மூன்றாம் படி. ஆகமொத்தம் ரூ. 1,200. பிரயாணிகள் 600 பேரானால் தலைக்கு 2 ரூபாய் அடக்கம். 300 பேரானால் 4 ரூபாய். பாதிக் கப்பல் காலியாகப் போனால் அடக்க விலை இரட்டிக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது 1 ரூபாய்க் கட்டணத்தைப் பாருங்கள். கப்பல் நிறைந்து சென்றாலும் வரவு ரூ. 600, நிலக்கரிக்கும் சம்பளத்துக்குமே ரூ. 200 போதவில்லை. 8 அணாவானால் வரவு ரூ. 300, ஒவ்வொரு பிரயாணத்திலும் மொத்த நஷ்டம் ரூ. 900. இனி, இந்த நஷ்டத்தை யார் எங்கிருந்து ஈடு செய்வது? பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குப் பல கடல்களில் பல கப்பல்கள் ஓடின; சர்க்காரின் தபால் ஒப்பந்தமும் இருந்தது. கொழும்புத் தடத்தில் விட்டதை வேறு தடங்களில் எடுத்துவிடலாம். தலைமை ஆபீஸின் பொதுச் செலவை எந்தத் தடத்தின் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதும் அவர்கள் இஷ்டம். மைல் கணக்கில் பங்கிட்டால் ஒரு விடை, சரக்கின் எடைக் கணக்கில் பங்கிட்டால் வேறொரு விடை. அவர்கள் புரட்டுக் கணக்கு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை; ஒரே செலவை நாணயமாகவே இரண்டு விதமாக எழுத முடியும் என்றே சொல்லுகிறோம். இரண்டு கப்பல்களையும் ஒரே தடத்தையும் வைத்துக் கொண்டிருந்த சுதேசிக் கம்பெனிக்கு மாற்றி எழுத வேறு பக்கமே இல்லை. அதன் நஷ்டம் முழுவதும் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவனின் நஷ்டம்.

மற்றொரு விஷயமும் உண்டு. வாடகைக் கப்பலுக்கு மாதந்தோறும் பணத்தைக் கையால் எண்ணிக் கொடுக்கிறோம்; செலவு கண்ணுக்குத் தெரிகிறது. சொந்தக் கப்பல் வந்தவுடன் வாடகை மிச்சம் என்று மனம் மகிழ்கிறது. ஆனால் கப்பல் கடலில் துருவேறித் தேய்வதற்கு யாரும் ரசீது எழுதி அனுப்புவதில்லை. இக்காலத்திலும் கைத்தறிக் கூட்டுறவுகளிலும் சிறு ஆலைகளிலும் லாபம் என்று பங்கிட்டுக் கொள்ளப்படுவதில் எவ்வளவு தேய்மானம் கலந்திருக்கிறதென்று பார்த்தால் சிலர் திகைத்துப் போவார்கள்.

சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச்சு 12-ந் தேதி கைதியானார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அடக்குமுறைதான் அதைக் கொன்றது என்பாருடன் நாம் சண்டைக்கு வரவில்லை. தலைவரையும் தொண்டரையும் சிறையில் அடைத்துவிட்டால் எந்தக் கணக்கு நிற்கும்? ஆயினும், சர்க்கார் கைவைக்கும் முன்னரே 8 அணாக் கட்டணம் பங்குப் பணத்தைத் தின்னத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நமது வக்கீல் புத்திக்குத் தோன்றுகிறது.

அன்று இத்தகைய விலை வெட்டைத் தடுக்கச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் பெற்ற ஒரு நிறுவனம் எதிராளியை ஒழிக்கும் நோக்கத்துடன் உற்பத்திச் செலவுக்குக் கீழே விற்பதைக் குற்றமாக்குகிறது. செலவென்றால் எந்தச் செலவு? போட்டிக் கமிஷனின் 2009-ம் வருஷத்து விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2025-ல் வந்த விதிகளும் சாதாரணமாகச் சராசரி மாறும் செலவையே அளவுகோலாகக் கொள்கின்றன. அதாவது, உற்பத்தி கூடக் கூட ஏறும் செலவு மட்டும். நமது உதாரணத்தில் இது ரூ. 800. ஆகவே 1 ரூபாய் 6 அணாக் கட்டணம் வைத்தால் வரவு ரூ. 825, சட்டத்தின் கண்ணுக்கு அது தவறன்று. ஆனால் ரூ. 1,200 அடக்கமுள்ள சிறு கம்பெனி அதே கட்டணத்தில் பிரயாணத்துக்கு ரூ. 375 வீதம் இழந்து செத்துப் போகும். கொலையாளியின் கத்தி இரண்டாம் படிக்கு மேலே நிற்கும்வரை நியாயஸ்தலம் பார்த்துக் கொண்டிருக்கும்! மலிவாக விற்பதெல்லாம் குற்றமானால் ஜனங்களுக்கு மலிவுச் சரக்கே கிடைக்காது என்ற எதிர்வாதம் நியாயமானதே. அதற்காக மூன்றாம் படியைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பதை நாம் ஒப்பவில்லை. பண பலத்தோடு நெடுநாள் விலை வெட்டு நடக்கும் இடத்திலாவது முழு அடக்க விலையைக் கமிஷனார் பார்க்க வேண்டும்.

ஆதிக்கம் என்ற வாசற்படியும் சிறிதன்று. ஊபர் வாடகை மோட்டார்க் கம்பெனியின் மீது மேரு கம்பெனியார் கொண்டுவந்த புகார் 2019-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. டெல்லிப் பிரதேசத்தில் ஊபர் ஒவ்வொரு சவாரிக்கும் 204 ரூபாய் இழந்ததாகப் புகாரில் கண்டிருந்தது. எதிராளியை ஒழிக்கும் நோக்கத்தைத் தவிர இதற்கு வேறு பொருளாதார அர்த்தம் தோன்றவில்லை என்ற கருத்தைத் தெரிவித்து, விசாரணை நடக்கட்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. விசாரணை முடிந்து 2021-ல் கமிஷன் அந்தக் கம்பெனிக்குச் சந்தையில் ஆதிக்கம் இல்லை என்று கண்டு வழக்கை முடித்து விட்டது. ஆதிக்கம் இல்லையென்றால் 4-வது பிரிவின் கீழ் விலையைப் பற்றிய கேள்வியே எழாது. அந்த 204 ரூபாய் எந்தப் படியிலிருந்து வந்தது, யாருடைய மூலதனத்திலிருந்து வந்தது என்பதைப் பற்றிக் கமிஷன் தீர்ப்புச் சொல்லும் நிலை ஏற்படவில்லை.