பொன்சாய்க் குறுமரத்தின் முகப்பைத் தெரிவுசெய்தல்

நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரருள் சிலர், வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையிற் குறுமரங்களைச் சாடியில் வளர்ப்பதில் விருப்பங் கொண்டுள்ளனர். அத்தகையோருக்காகவே இப்பிரசுரம் எழுதப்படுகின்றது. மண் கலத்தல், நீரூற்றல், பசளையிடல் என்பன பயிர் செய்வோருக்குப் புதியனவல்ல. அவர்கள் பெரும்பாலும் இடறுவது வேறோர் இடத்திலாகும். மரத்தின் எப்புறம் பார்ப்போரை நோக்கி நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்குமுன்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுகின்றனர். அவசரத்தில் வெட்டப்பட்ட கிளைக்கு ஈடாக வேறொன்றை அதே பருமனுக்கு வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் செல்லும். சில இடங்களில் மறு கிளை தோன்றாமலே போதலும் உண்டு. ஆகையால் முகப்பைத் துணிந்த பின்னரே வெட்டத் தொடங்குதல் வேண்டும்.

மரத்துக்கு முகப்பு எதற்கு என்று கேட்கலாம். இக்கலை சீனத்திலிருந்து சென்று யப்பானிற் செம்மையுற்றதாகும். யப்பானியரின் பழைய முறை வீடுகளில், விருந்தினரை வரவேற்கும் அறையின் ஒரு பக்கத்தில் தொக்கோனோமா என்னும் மாடம் அமைந்திருக்கும். அதிற் சுருட்சித்திரம் ஒன்று தொங்க, அதனருகே குறுமரம் வைக்கப்படும். பாயில் அமர்ந்திருக்கும் விருந்தினர் அதனை முன்னிருந்து மாத்திரமே பார்ப்பர். பின்னாற் சென்று பார்க்க இடமில்லை. 1923 ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தின் பின் தோக்கியோவை விட்டு நீங்கிய குறுமர வளர்ப்போர், 1925 இல் ஓமியாவில் தமக்கெனக் குடியிருப்பு ஒன்றை நிறுவினர். 1934 இல் தோக்கியோவின் உவேனோவில் தொடங்கிய கொக்குபு கண்காட்சி இன்றளவும் நடைபெறுகின்றது. அங்கும் மரங்கள் பெரும்பாலும் பின்னே திரையுடன் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஒரு புறத்தாலேயே பார்க்கப்படுகின்றன. அப்புறத்தை யப்பானியர் சோமென் என்பர். நாம் அதனை முகப்பு எனலாம்.

முகப்பைத் தேடுவதற்கு மரத்தை நிலத்தில் வைத்துக் குனிந்து பார்த்தல் பயன்றராது. மேசையொன்றின் மீது வைத்து, அடிமரத்தின் நடுப்பாகம் கண்ணின் மட்டத்துக்கு வரும்படி ஆசனத்தில் அமர்ந்து நோக்குதல் வேண்டும். மாடு வாங்கச் செல்பவர் அதனை ஒரு புறத்தால் மட்டும் பார்த்து விலை பேசுவாரா? சுற்றி வருவார், காலைப் பார்ப்பார், பின்னரே வாயைத் திறப்பார். அவ்வாறே சாடியையும் சிறிது சிறிதாகத் திருப்பி, முழுச் சுற்றும் பார்த்து முடித்தல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியது அடியாகும். மூங்கிற் குச்சியொன்றால் மேல்மண்ணை அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை மெதுவாக விலக்கினால், வேர்கள் அடிமரத்தை விட்டுப் பிரியுமிடம் வெளிப்படும். பலர் மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் கண்டு முகப்பைத் துணிந்து, மறுமுறை சாடி மாற்றும்போது நல்ல வேர்கள் யாவும் பின்புறத்திற் கிடப்பதைக் காண்கின்றனர். வேர்கள் இடமும் வலமுமாகப் பரந்து நிலத்தைப் பற்றி நிற்கும் புறமே சிறந்தது. தடித்த வேரொன்று பார்ப்பவரை நோக்கி நேரே நீண்டிருக்கும் புறத்தை விலக்குக. யப்பானியர் இவ்வேர்ப்பரப்பை நெபாரி என வழங்குவர். மரத்தின் முதுமையை முதலிற் காட்டுவது அதுவே. தகுதியுள்ள இரண்டு அல்லது மூன்று புறங்களில் ஈர்க்குத் துண்டுகளை ஊன்றி அடையாளமிடுக.

அடுத்தது அடிமரம். உருண்டையாகத் தோன்றும் அடிமரமும் உண்மையில் ஒரு புறத்தால் அகன்றும் மறு புறத்தால் ஒடுங்கியும் இருப்பதுண்டு. அகன்ற புறமே மரத்துக்கு வலிமையான தோற்றத்தைத் தரும். வளைவுகள் இடம் வலமாகச் செல்வதாகத் தெரிதல் வேண்டும். பார்ப்பவரை நோக்கிப் புறா நெஞ்சைப் போலப் புடைத்து நிற்றல் ஆகாது. உச்சி மாத்திரம் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருத்தல் நன்று. பெரிய மரமொன்றின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும் உணர்ச்சியை அச்சாய்வு தருகின்றது. முற்காலத்திற் கலப்பைக்கு ஏற்ற வளைவைக் காட்டில் நின்ற மரத்திலேயே கண்டறிந்த கமக்காரரின் கண்ணுக்கு இப்பயிற்சி கடினமானதன்று.

கிளைகளைக் கடைசியாகவே நோக்குக. மரத்தின் கீழ் மூன்றில் இரண்டு பங்கினுள் நேரே முன்னோக்கி வரும் கிளை பார்ப்பவரின் கண்ணைக் குத்துவது போலத் தோன்றும். கண்குத்திக் கிளை எனத்தக்க அதனை முகப்பில் வைத்தலாகாது. பின்புறத்திற் கிளைகள் இருத்தல் அவசியம். அவை இல்லாவிடின் மரம் சுவரில் ஒட்டிய படம் போலத் தட்டையாகிவிடும். பெரிய வெட்டுத் தழும்புகள் பின்புறம் செல்லுதல் நன்று.

இவையனைத்தும் ஒரே புறத்தில் அமைந்த மரம் கிடைப்பது அரிது. ஒன்றைப் பெற வேறொன்றை இழக்க நேரும். அவ்வேளையில் வேரும் அடிமரமுமே வெல்லுதல் வேண்டும் என்பது எமது கருத்து. கிளையைக் கம்பி சுற்றி வளைக்கலாம், புதிதாகவும் வளர்க்கலாம். தடித்துவிட்ட அடிமரத்தின் போக்கை மாற்றுதல் மிகக் கடினமாகும். ஆலினங்களில் இவ்விதி ஓரளவு தளரும். அவை எளிதில் வேர்விடுவதால், குறையுள்ள இடத்தில் இளங்கன்றொன்றை ஒட்டி வேரைப் பெறவும், பதிவைத்து அடியையே புதிதாக அமைக்கவும் கூடும். எனினும் அது பொறுமை வேண்டும் வேலையாகும்.

உதாரணமாக, பழைய கிணற்றுக் கட்டில் முளைத்து, கட்டு வெடிக்காதபடி பெயர்த்தெடுத்துச் சாடியில் வளர்க்கப்பட்ட ஓர் இத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு புறத்திற் கிளைகள் இரு மருங்கும் ஒழுங்காக விரிந்துள்ளன. ஆனால் அடி கம்பம் போல ஒடுங்கி, வேரொன்று முன்னே துருத்தி நிற்கின்றது. மறு புறத்தில் அடி அகன்று, வேர்கள் இருபாலும் பரந்துள்ளன. ஆனால் நாலங்குல உயரத்திற் காசளவான தழும்பொன்றும், அதன் மேலே கண்குத்திக் கிளையொன்றும் உள்ளன. முதற் பார்வையிற் பெரும்பாலோர் முன்னையதையே விரும்புவர். பின்னையதை விரும்புவோரோ உடனே அக்கிளையை வெட்டிவிடுவர். இரண்டும் வேண்டியதில்லை. பின்னைய புறத்தை முன்னே வைத்துக்கொண்டு, சாடியின் விளிம்பு இரண்டு விரலளவு நகருமாறு வலப்பக்கம் திருப்புக. தழும்பு ஓரத்துக்குச் செல்கின்றது. கண்ணைக் குத்திய கிளை வலப்பக்கக் கிளையாகிவிடுகின்றது. அடியின் அகலமோ மிகச் சிறிதளவே குறைகின்றது. வெட்டாமலே முகப்புக் கிடைத்துவிட்டது.

திருப்பியும் தீராத குறையைச் சாய்த்துப் பார்க்கலாம். சாடியின் அடியில் ஓட்டுத் துண்டொன்றை முன்னும் பின்னும் பக்கங்களிலுமாக வைத்து நோக்கினால், சிறு சாய்விலேயே மரத்தின் தோற்றம் வேறாவதைக் காணலாம். பொருத்தமான சாய்வை மனதிற்கொண்டு, அடுத்த முறை சாடி மாற்றும்போது அவ்வாறே நடுக. சாய்வு மிகுந்தால் ஒரு பக்க வேர்கள் மண்ணை விட்டு மேலெழுந்து உலர்ந்துவிடும். ஆகவே பெரிய சாய்வை இருமுறை சாடி மாற்றுதலிற் பகிர்ந்து செய்தல் நன்று.

கிளையொன்றை நீக்கியே ஆகவேண்டும் எனத் தோன்றினால், அதனை வெட்டுமுன் பின்னணியோடு ஒத்த நிறமுள்ள துணியால் மூடிவிட்டு, சற்று விலகி நின்று பார்க்குக. கைத்தொலைபேசியாற் படம் பிடித்துப் பார்த்தலும் உதவும். ஆழத்தைக் கண்டு கண் மயங்குவதைப் படம் தவிர்க்கும். தீர்மானம் அன்றே வேண்டுமென்பதில்லை. சில நாட்கள் சென்று மறுபடியும் பார்க்கும்போது முன்னர் நல்லதெனத் தோன்றிய புறம் பிடிக்காமற் போகலாம்.

நீள்சதுர அல்லது நீள்வட்டச் சாடியாயின் அதன் நீண்ட பக்கம் முகப்பாக அமைதல் வேண்டும். மரத்தை நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னாகவும், பிரதான கிளை நீளும் பக்கத்திற் கூடிய வெற்றிடம் இருக்கும்படி ஒரு மருங்காகவும் நடுவது வழக்கம். காட்சிக்கு வைக்கும்போது பின்னே வெறுமையான சுவரோ வெளிர்நிறத் துணியோ இருத்தல் போதுமானது. பூவேலை செய்த திரைகள் மரத்தை மறைத்துவிடும்.

முகப்பு துணியப்பட்டதும் அதனையே எந்நாளும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருத்தல் கூடாது. நிழலில் நிற்கும் பின்கிளைகள் மெலிந்து இறந்துவிடும். வாரம் ஒருமுறையேனும் சாடியைக் காற் சுற்றுத் திருப்பி வைக்குக. திருப்பும்போது முகப்பு மறந்துவிடாதபடி, சாடியின் விளிம்பில் அதற்கு நேரே சுண்ணாம்பினாற் சிறு புள்ளியொன்று இட்டுக்கொள்க; மழையில் அது கழுவுண்டு போவதால் அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும்.