வீட்டுக்கெல்லாம் ஒரே கிடங்கு: ஆளுக்கு எவ்வளவு இடம்?

அரிசி டின் காலியானால் கண்ணுக்குத் தெரியும். பரண் நிறைந்தாலும் தெரியும். ஆனால் செல்போனில் எடுக்கிற படங்கள் போய்ச் சேரும் கூகுள் கிடங்கு நிறைவது மட்டும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது என்று நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும் இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் 15 ஜி.பி. இடம் இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் இதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. சற்றே சுருக்கி ஏற்றிய படங்கள் முன்பு கணக்கில் சேரவில்லை. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுபவை சேருகின்றன. ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நிறைந்துவிட்டால் படம் ஏறாது என்பதோடு போகவில்லை. வருகிற மெயிலும் வாசலோடு திரும்பிவிடும். என் நாத்தனார் மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவளுக்கு ஏழாம் மாதம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டதாக லேபில் சொல்கிறார்கள். "ரெண்டு நாளா பார்த்துக்கிட்டே இருக்கேன் அத்தை, ஒண்ணும் வரலையே" என்றாள் இவள். நேரில் போய் வாங்கிப் பார்த்தால், சர்க்கரை கூடியிருக்கிறது! அதன் பிறகுதான் டாக்டரிடம் காட்டி சாப்பாட்டை மாற்ற முடிந்தது.

இடம் போதாதவர்கள் பணம் கட்டி 'கூகுள் ஒன்' எடுக்கலாம். எடுத்தவர் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க முடியாது. யார் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஒருவரே வீடியோவாக ஏற்றித் தள்ளினால் மற்றவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்குக் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகன் ஒரு வழி சொன்னான். பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் இடங்களில் ஆளுக்கு இரண்டு கோடு போடுவார்களாம். 1983-ல் வந்த பி.எஸ்.டி. யூனிக்ஸிலேயே இந்தக் 'கோட்டா' உண்டு. முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கையும் சில நாள் தவணையும் கிடைக்கும். இரண்டாவது கோட்டைத் தாண்டவே முடியாது.

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் பொதுவாக 100 ஜி.பி. இருக்கிறது. ஆளுக்கு 20 என்று பேசி வைத்துக்கொண்டோம். மீதி 20 அவசரத்துக்கு. யாராவது தாண்டினால் ஒரு வாரத் தவணை. "உன் பங்கு தாண்டிடுச்சுடா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கு பண்ணு" என்றால் போதும், சண்டையே இல்லை!

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மாதம் ஒரு நாள் 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்து, பெரிய வீடியோக்களையும் மெயில்களையும் முதலில் கழியுங்கள்.

2. கழித்தவை குப்பைத் தொட்டியில் கிடக்கும். ஜிமெயில், டிரைவில் 30 நாள். போட்டோஸில் 60 நாள். உடனே இடம் வேண்டுமானால் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

3. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' போனில் உள்ள இடத்தைத்தான் மீட்கும், கிடங்கில் குறையாது.

4. போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்தால் படம் சுருங்கி ஏறும். வீட்டில் பார்க்க இது தாராளம்.

5. வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதீர்கள்.

6. அருமையான படங்களைக் கழிக்கும் முன் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒரு பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள்.

அளவுக்கு மேல் போய் இரண்டு வருஷம் அப்படியே கிடந்தால், உள்ளே இருப்பவை அழிக்கப்படலாம் என்பது கூகுளின் விதி. அதுவரை யாரும் விட வேண்டாம். முக்கியமாக, பரிசோதனை ரிப்போர்ட்டோ பள்ளிக்கூடத் தகவலோ மெயிலில் வர வேண்டியிருப்பவர்கள், இன்று அடுப்பு வேலை முடிந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.